மந்தாகினி டவர்ஸின் பெரிய லிஃப்ட்

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு, கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஏழு பேரையும் ஒரு லேப்ரடார் நாயையும் ஒரு பூஜைக் கூடையையும் உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய மந்தாகினி டவர்ஸின் பெரிய லிஃப்ட், இனிமேல் உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மேலே போவதில்லை என்று தனக்குள் முடிவு செய்துவிட்டது. அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. ஒருவர் பொத்தானை அமுக்கினார், அவர் சரியாக அமுக்கவில்லை என்று இன்னொருவர் அமுக்கினார், இவர்கள் இரண்டு பேரும் அமுக்கியதால்தான் குழம்பிவிட்டது என்று மூன்றாமவர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, லிஃப்ட் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. பத்து நிமிஷம் கழித்து அது கதவைத் திறந்துவிட்டது, நாய்தான் முதலில் வெளியே வந்தது.

மந்தாகினி டவர்ஸ் என்பது சென்னைக்குத் தெற்கே ஓர் ஏரியைத் தூர்த்து, தூர்த்த பாவத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ ஒரு நதியின் பெயரை வைத்து எழுப்பிய பதினான்கு மாடிக் குடியிருப்பு. அதற்கு லிஃப்ட் இரண்டு. முன்வாசலில் இருப்பது பெரியது, மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி வைத்தது. பின்பக்கம் குப்பைத் தொட்டிகளைத் தாண்டி இருப்பது சின்னது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், தண்ணீர் கேன், பழைய சோபா, புதுச் சோபா, குப்பைக் கூடை, எப்போதாவது ஒரு பிணம், எல்லாம் சின்னதில்தான் போகவேண்டும். பெரிய லிஃப்டின் பக்கத்தில் சட்டம் போட்டு ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தார்கள். பணியாளர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் முதல் வரி. செல்லப்பிராணிகள் உரிமையாளரோடு வந்தால் அனுமதி உண்டு என்பது இரண்டாம் வரி. சின்ன லிஃப்ட் பொங்கலுக்கு முன்பே படுத்துவிட்டது. அதைச் சரிசெய்வது பற்றிக் குடியிருப்போர் சங்கம் ஏழு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தது. அவசரம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் படியேறி மேலே வந்து சேரும்போது பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லாமல் இருந்தார்கள்.

பவுனம்மாள் அப்படி ஏறுகிறவர்களில் ஒருத்தி. நாற்பத்தெட்டு வயது. அந்தக் கட்டடத்தில் நான்கு வயதுக் குழந்தை உட்பட எல்லாரும் அவளைப் பவுனு என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாவது மாடியில் சங்கச் செயலாளர் சம்பந்தம் சார் வீட்டில் காலையும் மாலையும் வேலை, நடுவே ஒன்பதாவது மாடியில் இன்னொரு வீடு. வலது முட்டி போன வருஷமே கிறீச்சிட ஆரம்பித்தது. இந்த வருஷம் இடது முட்டியும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "படியே ஏறக்கூடாதும்மா, லிஃப்ட்டுல போங்க" என்றார். பவுனு அங்கேயே சிரித்துவிட்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று டாக்டருக்குப் புரியவில்லை. முட்டி போய்விட்டது என்று வீடுகளில் தெரிந்தால் அடுத்த மாதமே வேறு ஆள் வந்துவிடுவாள், அவள் குடும்பத்தில் உழைக்கிற கை அவளுடையது ஒன்றுதான். ஆகவே அவள் பன்னிரண்டாவது மாடிக் கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று, முகத்தைத் துடைத்து, காலை நேராக்கிக்கொண்டு, மாடிப்படி என்ற ஒன்றை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பவள்போல உள்ளே போவாள்.

லிஃப்ட் நின்ற அன்று மெக்கானிக் சேவியர் வந்தான். கதவைத் திறந்து ஏறினான், பதினான்கு வரைக்கும் போய்த் திரும்பினான், ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் லிஃப்ட் மறுபடி நின்றது. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி ஏறினான், மறுபடி ஓடியது. மூன்றாம் தடவை வந்தபோது அவன் லிஃப்டைத் தொடவே இல்லை. "நான் ஏறினா போகுது சார். நீங்க ஏறினா போகல. அப்ப அது மெஷின் பிரச்சினை இல்ல" என்றான். ஓய்வுபெறும் நாள்வரை பெரிய இன்ஜினியராக இருந்த சம்பந்தம் சாருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனை அனுப்பிவைத்தார், அதுவும் பின்பக்க வழியாக.

ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து திரும்பிய சம்பந்தம் சாரின் மனைவி விசாலாட்சி கீழே கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். கூட வந்த பவுனுவின் தோளில் பத்துக் கிலோ சின்ன வெங்காயம் இருந்தது. "நம்மளத்தான் ஏத்த மாட்டேங்குது, வெங்காயத்தையாவது மேல அனுப்பிப் பாப்போம். உள்ள கொண்டு வை பவுனு" என்றாள் விசாலாட்சி. பவுனு உள்ளே போய் மூட்டையை இறக்கினாள். அது சாய்ந்தது, விசாலாட்சி பிடிக்க உள்ளே வந்தாள், கதவு மூடிக்கொண்டது, லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குப் போய் நின்றது. விசாலாட்சி வாயைப் பிளந்தபடி நின்றாள். பவுனு அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை பின்னால் இவ்வளவு கிழிந்திருப்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

வெங்காயத்தினால் போயிற்றா பவுனுவினால் போயிற்றா என்ற சந்தேகம் அன்று மாலைக்குள் தீர்ந்தது. வெங்காயத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பவுனுவை நிறுத்தினார்கள், ஓடியது. ஆறாவது மாடியில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணை நிறுத்தினார்கள், அப்போதும் ஓடியது. வேலைக்காரர்கள் யாராவது ஒருவர் கூட இருந்தால் லிஃப்ட் போகும், இல்லாவிட்டால் போகாது என்பது ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது, தண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டுவரைதான் வரும் என்பது பழகிவிட்ட மாதிரி. ஏன் என்று கேட்டவர்கள் ஒருசிலர்தான். வாஸ்து என்றார் ஒருவர், சென்சார் என்றார் ஒருவர், இந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் லிஃப்டுக்குக்கூட எதையாவது கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள் என்றாள் எட்டாவது மாடிப் பேராசிரியை.

சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. பணியாளர்கள் பெரிய லிஃப்டில் ஏறக்கூடாது என்ற விதியை எடுப்பதா என்ற பேச்சு வந்தபோது, விதியைத் தொடவே வேண்டாம் என்று சம்பந்தம் சார் வழி கண்டுபிடித்தார். குடியிருப்பவரோடு ஏறினால் அது பயணம் இல்லை, பணி. பணி செய்ய அனுமதி உண்டு. பணி முடிந்தபின் தனியாக ஏறினால் அது பயணம். அதற்கு அனுமதி இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். ஆக, மேலே போகிறவரைக் கொண்டுபோய் விட்ட பவுனு படி வழியாகக் கீழே வரவேண்டும். கீழே வர நினைக்கிறவருக்குத் துணை நிற்கப் படி வழியாக மேலே போகவேண்டும். லிஃப்டில் நிற்கும்போது சுவரைப் பார்த்து நிற்கவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை போட்டார்கள். மூன்று சுவரும் கண்ணாடியாக இருந்ததால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குடியிருப்பவர்களின் முகங்கள்தான் தெரிந்தன, அவர்களுக்கும் அவளுடைய முகம் தெரிந்தது. இது இரு தரப்புக்கும் கஷ்டமாக இருக்கவே, தரையைப் பார்த்து நிற்கவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் திருத்தினார்கள்.

அந்த இரண்டு மாதமும் மந்தாகினி டவர்ஸில் ஒரு குடும்பத்தின் அந்தஸ்து, கூப்பிட்ட குரலுக்கு எத்தனை பேர் லிஃப்ட் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறியது, இறங்கியது. தன் வேலையைத் தானே செய்துகொண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்த ஏழாவது மாடி இளைஞன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆள் கடன் கேட்கிற நிலைமைக்கு வந்தான். நான்காவது மாடியில் ஒரு கல்யாணம் பேசியபோது, பெண் வீட்டில் லிஃப்டுக்கென்றே தனியாக ஓர் அம்மா இருக்கிறாள் என்பதை மாப்பிள்ளை வீட்டார் திருப்தியோடு கேட்டுக்கொண்டார்கள். எல்லாரும் லிஃப்டில் போனார்கள், லிஃப்டை நடத்தியவர்கள் மட்டும் முன்னைவிட நான்கு மடங்கு படி ஏறி இறங்கினார்கள், இதில் ஏதோ இடிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பவுனுவுக்குத் தோன்றியது. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் நான்காவது மாடிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு முட்டியும் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டன. உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. குப்பை எடுக்கிற தேசம்மாதான் அவளைக் கண்டது. வீடு வீடாகக் குப்பை வாங்கிக் கூடையில் சேர்த்துத் தலையில் வைத்து இறக்குகிறவள் அவள், பவுனுவுக்கு நான்கைந்து வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு பவுனுவின் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நான்கு மாடியும் இறக்கிக் கொண்டுவந்து கீழே உட்காரவைத்தாள். "முட்டி போச்சுன்னு வீட்ல சொல்லிட்டியா?" என்றாள். "சொன்னா வேல பூடும்க்கா" என்றாள் பவுனு. "சொல்லாட்டி காலு பூடும்" என்று சொல்லிவிட்டு தேசம்மா கூடையை எடுக்க மேலே ஏறிப் போனாள்.

விஷயம் விசாலாட்சி காதுக்குப் போய், அங்கிருந்து சம்பந்தம் சார் காதுக்குப் போனது. பவுனு வேறு வேலை தேட ஆயத்தமாகி அவர் முன்னால் போய் நின்றாள். அவரோ அவளைப் பார்க்காமல் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் ஏறி இறங்குவது வீண் உழைப்பு, ஓர் ஆள் லிஃப்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் போதும் என்பது அவருடைய கணக்கு. "படியே ஏற வேண்டாம் பவுனு. உள்ளயே ஸ்டூல் போட்டுக்கோ. உக்காந்துக்கோ" என்றார். அவள் காதில் விழுந்த கடைசி வார்த்தையை நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கட்டடத்தில் பத்து வருஷமாக அவளிடம் யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து பவுனுவுக்கு நீலப் புடவை, கழுத்தில் அட்டை, அட்டையில் முதுநிலை லிஃப்ட் பணியாளர் என்ற பட்டம். இளநிலை என்று யாரும் இல்லை, இருந்தாலும் முதுநிலை என்று போட்டால் மந்தாகினி டவர்ஸுக்குக் கௌரவம் என்று சங்கம் கருதியது. காலை ஆறு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் மாலை ஆறு வரைக்கும் அவள் பாட்டுக்கு ஏறினாள், இறங்கினாள், முட்டி மட்டும் சும்மா இருந்தது. அவளைக் கோபித்துக்கொண்டால் அவள் எழுந்து போய்விடுவாள், எழுந்து போய்விட்டால் பதினோரு மாடி நடக்கவேண்டும் என்பதால் பதினோராவது மாடி டாக்டர் தினமும் வணக்கம் பவுனம்மா என்றார். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு எல்லா வீட்டு முறுக்கும் முதலில் லிஃப்டுக்கு வந்தது. பவுனம்மா தலைவலி என்றால் மூன்று மாடிகளிலிருந்து மாத்திரை வந்தது. இந்த மரியாதை தனக்கு இல்லை, லிஃப்டுக்குத்தான் என்று முதல் வாரம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாவது மாதம் அது மறந்துபோயிற்று.

ஒரு ஆள் உள்ளேயே இருந்துவிட்டதால் மற்ற வேலைக்காரர்கள் லிஃப்டுக்குத் தேவைப்படவில்லை, அவர்கள் பழையபடி படிக்கே போனார்கள். ஆரம்பத்தில் பவுனு அவர்களை யாருக்கும் தெரியாமல் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வாள். "வா வா, சார் யாரும் இல்ல, சீக்கிரம் ஏறு" என்பாள். பிறகு ஈரச் செருப்போடு வராதே என்றாள். பிறகு மூன்று பேராகச் சேர்ந்து வராதீர்கள், சத்தமாகச் சிரிக்காதீர்கள் என்றாள். கார்த்திகை முடிவதற்குள், "படியிலயே பூடேன், உனக்கு நல்ல காலுதானே" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். இதையெல்லாம் சொல்லச் சொல்லி அவளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஸ்டூல் தன்னுடையது, ஸ்டூல் இருக்கிற இடமும் தன்னுடையது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். லிஃப்டும் அந்த நாள்களில் மெதுவாகிக்கொண்டே வந்தது. முன்பு அரை நிமிஷத்தில் போன பன்னிரண்டாவது மாடிக்கு இப்போது நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அவசரமில்லாமல் போவது உடம்புக்கு நல்லது என்று குடியிருப்பவர்கள் பாராட்டினார்கள், ஒரு குடும்பம் லிஃப்டிலேயே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது.

தை பிறந்ததும் பதினான்காவது மாடிக்கு மேலே கட்டிய தியான மண்டபத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். திறந்துவைக்க முன்னாள் துணைவேந்தர் ஒருவர் வருகிறார் என்று அழைப்பிதழ் அச்சடித்தார்கள். பத்தரைக்கு நல்ல நேரம். அன்று பவுனு புது நீலப் புடவை கட்டி, ஸ்டூலுக்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டு, கண்ணாடிகளைத் தானே துடைத்து வைத்திருந்தாள். பத்து மணி சுமாருக்கு தேசம்மா காலிக் கூடையோடு லிஃப்ட் வாசலில் வந்து நின்றாள்.

"பவுனு, ஒம்போது வரிக்கும் வுடேன். நேத்துலேர்ந்து இடுப்பு புட்ச்சிக்கினுக்குது. வேலைய அங்கேர்ந்து ஆரம்பிச்சிக்கிறேன்" என்றாள்.

"இன்னிக்கு வேணாங்க்கா. பெரிய மனுசங்க வராங்க. கூடை நாறுது. படியில பூடு."

"குப்பைக் கூடை நாறாம வேற இன்னா பண்ணும்?" என்றாள் தேசம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு பவுனுவின் ஸ்டூல் உறையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனாள். பவுனு அவள் போன பக்கத்தையே பார்த்தாள். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்னாள் துணைவேந்தர் கனத்த சரீரம் உள்ளவர், கழுத்தில் போட்ட ரோஜா மாலையோ அவரைவிடக் கனமாக இருந்தது. அவரோடு சம்பந்தம் சார், விசாலாட்சி, டாக்டர், பேராசிரியை, குத்துவிளக்குக்கு எண்ணெயும் திரியும் வைத்திருந்தவர்கள் என்று இன்னும் ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள். பவுனு எழுந்து நின்று வணக்கம் சொல்லி, கதவைச் சாத்தி, பதினான்கை அமுக்கி, உட்கார்ந்தாள். லிஃப்ட் அசையவில்லை.

"என்ன பவுனம்மா?" என்றார் சம்பந்தம் சார், சிரித்துக்கொண்டே.

"இதோ சார்" என்று மறுபடி அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்று அமுக்கினாள். வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வந்து அமுக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு அமுக்கினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, ரோஜா மாலையிலிருந்து ஓர் இதழ் உதிர்ந்தது. முன்னாள் துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற ஒன்பது பேரும் பவுனுவைப் பார்த்தார்கள், மூன்று கண்ணாடியிலும் அவர்கள் மறுபடி மறுபடி நின்று அவளைப் பார்த்தார்கள். உள்ளே இத்தனை பேர் இருந்தும் தனியாக மாட்டிக்கொண்டதுபோல அவளுக்கு வியர்த்தது.

அப்போதுதான் பவுனுவுக்குப் புரிந்தது. லிஃப்ட் ஒருநாளும் அவளுக்காக ஓடவில்லை. ஏறாதே என்று வெளியே நிறுத்தி வைத்தவள் யாரோ அவள் உள்ளே வரவேண்டும் என்றுதான் அது அடம்பிடித்தது, அன்றைக்கு அவள் பவுனுவாக இருந்தாள், அவ்வளவுதான். இன்று வெளியே நிற்பவள் அவள் இல்லை. வெளியே நிறுத்துகிறவள் அவள். இதை அவள் சொல்லாமல் விட்டுவிடலாம். மெஷின் கெட்டுப்போச்சு என்று கையை விரித்தால் எல்லாரும் நம்புவார்கள், துணைவேந்தர் நடந்து ஏறட்டும். நாளைக்கு யாரையாவது கூப்பிட்டு ஏற்றி ஓட்டிக்கொள்ளலாம், ஸ்டூல் தங்கும், முட்டி தங்கும், பவுனம்மா என்ற அந்தப் பெயரும் தங்கும். சொல்லிவிட்டால், இந்த வேலைக்குப் பவுனுதான் வேண்டும் என்பதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். நான்கு மாடி தன்னைச் சுமந்து இறக்கிய கழுத்தைப் பார்த்து, கூடை நாறுது என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது சார்" என்றாள். "ஒரு ஆள ஏறாதேன்னு சொல்லிட்டேன். அவங்கள இட்டாந்தா போகும். என்னை அன்னிக்கு இட்டாந்தீங்களே, அந்த மாதிரி." யாருக்கும் ஒன்றும் விளங்குவதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள்.

மூன்று மாதமாகப் படி ஏறாத முட்டிகள் முதல் படியிலேயே கத்தின. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தேசம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லிஃப்ட்ல வா."

"இன்னாத்துக்கு? நான் வந்தா நாறாதா?"

பவுனு பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "நாறும்தான்" என்றாள். "நாறட்டும். வாக்கா."

தேசம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் காலோட நீயா ஏறி வந்த?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல், "அப்போ அந்த ஸ்டூல்ல நான் குந்துவேன். இடுப்பு நிக்க வுடல" என்றாள்.

பவுனுவின் வாயில் ஒரு மறுப்பு வந்தது. முட்டி இரண்டும் நெருப்பாக எரிந்தன, பதினான்கு மாடியும் நின்றுகொண்டு போகவேண்டும். அதை விழுங்கிவிட்டு, "குந்துக்கா" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே வந்தார்கள். லிஃப்டுக்குள் இருந்தவர்கள் கூடையைப் பார்த்ததும் இடம் விட்டு ஒதுங்கினார்கள், ஒதுங்குவதற்கு இடம் இல்லாததால் ஒருவர்மேல் ஒருவர் ஒதுங்கினார்கள். தேசம்மா தைத்த உறையின் மேல் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னாள் துணைவேந்தரின் மாலை கூடைக்குச் சரியாக ஒரு சாண் மேலே தொங்கியது. பவுனு கதவைச் சாத்தினாள். ஐந்து மாதத்தில் இல்லாத வேகத்தில் லிஃப்ட் கிளம்பியது. துணைவேந்தர் மூச்சை அடக்கிக்கொண்டார், ரோஜாவின் வாசனையும் நேற்றைய மீன் தலையின் வாசனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"உன்னை ஏறாதேன்னு சொன்னேன்ல. இன்னாத்துக்குச் சொன்னேன்னே தெர்லக்கா" என்றாள் பவுனு, அத்தனை பேர் முன்னாலும்.

தேசம்மா ஸ்டூலில் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். கண்ணாடியில் தனக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கிற பெரிய மனிதர்களைப் பார்த்தாள். "எனக்குத் தெரியுது" என்றாள். "இதுல குந்துனா யாரையாச்சும் ஏறாதேன்னு சொல்லணும் போலத்தான்டி இருக்குது."

லிஃப்ட் தடக்கென்று நின்றது. எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து நான்கு சொட்டு பேராசிரியையின் பட்டுப்புடவையில் விழுந்தது.

"சும்மா சொன்னேன்" என்றாள் தேசம்மா, கூரையைப் பார்த்து.

லிஃப்ட் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பியது. முதலில் சிரித்தது விசாலாட்சி. அவளைச் சம்பந்தம் சார் முறைத்தார், முறைத்தவருக்கே உதடு துடித்தது. ஒன்பதாவது மாடி வந்ததும் தேசம்மா எழுந்து, "நான் இங்க எறங்கணும். நாலு வூட்டுக் குப்ப இருக்குது" என்று கூடையோடு வெளியே போனாள். அவள் இல்லாமல் லிஃப்ட் அங்கிருந்து நகரப்போவதில்லை என்று இப்போது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பத்து இருபது ஆகியிருந்தது. மேலே இன்னும் ஐந்து மாடி.

ஸ்டூல் காலியாக இருந்தது. பவுனுவின் முட்டி அதை விட்டுக் கண்ணை எடுக்கவிடவில்லை. பத்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், துணைவேந்தருக்கும் கால் வலித்திருக்க வேண்டும்.

"உக்காருங்க பவுனம்மா, அவங்க வர்ற வரைக்கும்" என்றார் டாக்டர். பவுனு அதைக் காதில் வாங்காமல் கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

"நீங்களும் போனா எப்படி? நல்ல நேரம் போயிடும்" என்றார் சம்பந்தம் சார்.

பவுனு நொண்டிக்கொண்டே போய் மூன்றாவது வீட்டு மணியை அடித்தாள். நீலப் புடவையோடு குப்பை கேட்டு நிற்கிறவளைப் பார்த்து அந்த வீட்டு அம்மாள், "நீங்களா?" என்று திகைத்தாள். "நான்தாம்மா, குடுங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டு போய் தேசம்மாவின் கூடையில் கொட்டினாள்.

"உனக்கு எதுக்கு இது? காலு பூடும், போய்க் குந்து" என்றாள் தேசம்மா.

"ரெண்டு பேரா எடுத்தா சீக்கிரம் ஆவும்க்கா. பத்தாவதுல ஒரு தபா எறங்கி, அப்டியே பதினாலு வரிக்கும் எடுத்துக்கினே போயிடலாம்."

"அவுங்க?"

பவுனு திரும்பிப் பார்த்தாள். "வெயிட் பண்ணுவாங்க" என்றாள்.

லிஃப்டில் பத்துப் பேர், மாலையோடும் எண்ணெயோடும் திரியோடும், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.